'சான்ஸ் செரிஃப்' என்னும் பெயரும் தமிழ்த் தலைப்பெழுத்தும்: எழுத்துருத் தேர்வு குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

ஒரு நூலின் பொருளைப் படிப்பவர் அறிவதற்கு முன்பே அதன் தலைப்பைக் கண் அறிந்துவிடுகிறது. மேலட்டை, கருத்தரங்க அழைப்பிதழ், நினைவுமலர், சுவரொட்டி, நிறுவனப் பெயர்ப்பலகை ஆகியவற்றில் பெரிய அளவில் இடம்பெறும் எழுத்தைத் தலைப்பெழுத்து எனலாம். நூலின் உட்பக்கத்தில் வரும் பாட எழுத்து தன்னை மறைத்துக்கொண்டு பொருளை முன்னிறுத்துவது. தலைப்பெழுத்தோ தன்னையும் காட்டிப் பொருளையும் காட்டவேண்டிய இரட்டைக் கடமை உடையது.

இன்று தமிழில் இப்பணிக்கு எழுத்துரு தேர்வோர் பெரும்பாலும் முதலில் நாடுவது 'சான்ஸ் செரிஃப்' வகையையே. தெளிவு, எளிமை, புதுமை ஆகிய மூன்றும் அப்பெயரோடு இணைத்து எண்ணப்படுகின்றன. ஆங்கில எழுத்தின் வரலாற்றில் பிறந்த அப்பெயர் தமிழ் எழுத்தின் எப்பண்பைக் குறிக்கிறது, அப்பெயரை வழிகாட்டியாகக் கொண்டு தேரும்போது எவை கவனத்திலிருந்து நழுவுகின்றன, அவற்றுக்கு ஈடாக எவ்வெவற்றை அளவுகோலாகக் கொள்ளலாம் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரின் பிறப்பு

உரோமானிய எழுத்தின் கோட்டு முனைகளில் குறுக்காக அமையும் சிறு அடிக்கட்டே செரிஃப் ஆகும். கி.பி. 113இல் உரோம் நகரில் நிறுவப்பட்ட திராயன் தூணின் கல்வெட்டு இதற்குச் சிறந்த சான்றாகக் காட்டப்படுவது வழக்கம். கல்லில் செதுக்குவதற்கு முன் தட்டைத் தூரிகையால் எழுதிப் பார்த்ததன் விளைவே இவ்வடிக்கட்டு என்பது எட்வர்ட் கேட்டிச் 1968இல் விரிவாக முன்வைத்த கருத்து. ஐரோப்பிய அச்செழுத்து இம்மரபைத் தொடர்ந்தது. எனவே, அடிக்கட்டு அவ்வெழுத்தின் இயல்பு நிலையாகவும் அஃது இல்லாமை புதுமையாகவும் கருதப்பட்டன.

இலண்டனைச் சேர்ந்த நான்காம் வில்லியம் காசுலன் 1816இல் வெளியிட்ட மாதிரி ஏட்டில் அடிக்கட்டற்ற அச்செழுத்து முதன்முதலாக இடம்பெற்றது. அதில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. 1832இல் வின்சென்ட் ஃபிகின்சு 'சான்ஸ் செரிஃப்' என்னும் பெயரை வழங்கினார். பிரெஞ்சு மொழியில் 'சான்ஸ்' என்பது 'இன்றி' எனப் பொருள்படும். ஆகவே, இஃது ஓர் எதிர்மறைப் பெயர். ஓர் எழுத்து எதைப் பெற்றிருக்கிறது என்று கூறாமல் எதைப் பெற்றிருக்கவில்லை என்று கூறுவது. ஒன்று முன்பு இருந்து பின் நீங்கிய இடத்தில்தான் எதிர்மறைப் பெயருக்குப் பொருள் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளம்பரங்களுக்கும் தலைப்புகளுக்கும் பயன்பட்ட இவ்வகை, இருபதாம் நூற்றாண்டில் பெருமதிப்புப் பெற்றது. இலண்டன் சுரங்க இரயில் நிறுவனத்திற்காக எட்வர்ட் ஜான்ஸ்டன் வடித்த எழுத்து 1916இல் பயன்பாட்டுக்கு வந்தது. பால் ரென்னரின் ஃபியூச்சுரா 1927இலும், எரிக் கில்லின் கில் சான்ஸ் 1928இலும் வெளிவந்தன. 1957இல் சுவிட்சர்லாந்தில் உருவான எழுத்து 1960 முதல் ஹெல்வெட்டிகா என வழங்கலாயிற்று. இவை தத்தம் காலத்துச் சிந்தனையோடும் பயன்பாட்டோடும் பிணைந்தவை. ஆனால் இன்று இவை அனைத்தும் 'நவீனம்' என்னும் ஒற்றைச் சொல்லில் அடக்கப்பட்டுத் தமிழ்த் தலைப்புக்கும் முன்மாதிரியாகக் காட்டப்படுகின்றன.

தமிழ் எழுத்தில் கோடு

தமிழ் எழுத்தின் வரலாறு இதனின்றும் வேறானது. மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் குகைத்தளத்தின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் எழுத்துகள் ஏறத்தாழ ஒரே தடிப்புள்ள கோடுகளாலேயே அமைந்துள்ளன. பின்னர்ப் பல நூற்றாண்டுகள் தமிழ் நூல்களைத் தாங்கி நின்றது பனையோலை. ஓலையில் எழுத்தாணி மை தீட்டுவதில்லை, கீறிச் செல்கிறது. அகன்ற முனையுடைய இறகுப் பேனா திசைக்கேற்பக் கோட்டைத் தடிக்கவும் மெலியவும் செய்யும். கூரிய எழுத்தாணிக்கு அத்தன்மை இல்லை. ஆகவே, எத்திசையில் ஓடினும் தடிப்பு மாறாத சீர்கோடே ஓலைத் தமிழின் இயல்பாயிற்று.

தமிழ் அச்செழுத்து 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' முதலாகத் தொடர்கிறது. பின்னர் ஐரோப்பிய அச்சுத்தொழில் வேரூன்றியபோது, அதன் அழகியல் நெறியாகிய தடிப்பு வேறுபாடு தமிழ் எழுத்திலும் புகுந்தது. பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளின் நூலச்சில் ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் செல்லும் வடிவமே பெருவழக்காயிற்று. இவ்வடிவத்தையே பலரும் 'மரபுவழித் தமிழெழுத்து' என்று கருதுகின்றனர்.

இவ்விரு வரலாறுகளையும் ஒப்பிடும்போது ஓர் உண்மை புலனாகிறது. ஆங்கில அச்சில் அடிக்கட்டும் தடிப்பு வேறுபாடும் முந்தியவை, சீர்கோடு பிந்தியது. தமிழில் சீர்கோடு முந்தியது, தடிப்பு வேறுபாடு அச்சின் வழி நிலைபெற்றது. கிரேக்கத் தொல்கல்வெட்டுகளிலும் அடிக்கட்டற்ற சீர்கோடு உண்டு என்பதும், காசுலனுக்கு முன்பே கட்டடக்கலைஞர் ஜான் சோன் அவ்வடிவத்தைத் தம் வரைபடங்களில் எடுத்தாண்டார் என்பதும் மறுக்கத்தக்கன அல்ல. எனினும், அங்கு அது பழமையைத் தேடி மீட்ட செயல். தமிழிலோ ஓலையில் எழுதும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அச்சோடு உடனிகழ்ந்தது. ஆதலின், தமிழில் சீர்கோட்டு எழுத்தை இறக்குமதியான நவீனம் எனக் கொள்வது வரலாற்றுக்கு ஒவ்வாது. தமிழெழுத்துக்கு என்றும் இல்லாதிருந்த அடிக்கட்டை 'இன்றி' என்று கூறும் பெயரும் அதற்குப் பொருந்துவதன்று.

இன்றைய எழுத்துருப் பெயர்களே இப்பொருந்தாமையைக் காட்டுகின்றன. கூகுள் நிறுவனம் வழங்கும் நோட்டோ வரிசையில் 'நோட்டோ சான்ஸ் தமிழ்' என ஒன்றும், 'நோட்டோ செரிஃப் தமிழ்' என ஒன்றும் உள்ளன. இவற்றைப் பக்கத்தில் பக்கம் வைத்து நோக்கினால், இரண்டுக்குமுள்ள முதன்மை வேறுபாடு கோட்டின் தடிப்பு வேறுபாடே எனத் தெரியும். பெயர் கூறுவது ஒன்று, எழுத்தில் நிகழ்வது மற்றொன்று. பெயர் ஆங்கிலத் துணை எழுத்தோடு இணக்கம் காட்டுவதற்காக இடப்பட்டது. எனவே, இவ்வகையைத் தமிழில் 'சீர்தடிப்பு எழுத்து' எனவும், மற்றதைத் 'தடிப்புவேறுபாட்டு எழுத்து' எனவும் குறிப்பதே பொருத்தமாகும்.

பெயர் மறைக்கும் சிக்கல்கள்

பெயரில் உள்ள பிழை பெயரோடு நின்றுவிடுமாயின் அதனைப் பெரிதுபடுத்த வேண்டுவதில்லை. 'அடிக்கட்டு இல்லாதது தெளிவானது' என்னும் எண்ணம் தேர்வுக்கு அளவுகோலாகும்போதுதான் இடர் நேர்கிறது. ஆங்கிலத்திலேயே இவ்வெண்ணம் முழுதும் உண்மையன்று. கில் சான்ஸ் எழுத்தில் பெரிய 'ஐ', சிறிய 'எல்', எண் '1' ஆகிய மூன்றும் வேறுபாடின்றி ஒரே நெடுங்கோடாகத் தோன்றுகின்றன. ஜான்ஸ்டன் தம் எழுத்தில் சிறிய 'எல்'லின் அடியை வளைத்து இக்குழப்பத்தைத் தவிர்த்தார். எளிமைக்காகக் களையப்பட்ட ஒரு கூறு வேறுபாடு காட்டும் கூறாக இருந்ததை உணர்ந்து அவர் ஈடு செய்தார் எனலாம்.

தமிழில் வேறுபாடு காட்டும் கூறுகள் அடிக்கட்டில் இல்லை. அவை சுழியிலும், வளைவின் முனையிலும், காலின் சாய்விலும், புள்ளியிலும் உள்ளன. தலைப்பெழுத்தைத் தேர்வோர் நோக்கவேண்டிய இடங்கள் இவையே.

அ. சுழியின் உள்வெளி: ணகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு சுழியே. மணம்–மனம், கணம்–கனம், ஆணி–ஆனி, அரண்–அரன் ஆகிய இணைகள் அச்சுழியை நம்பியே பொருள் வேறுபடுகின்றன. கோடு தடிக்கத் தடிக்கச் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் அடைபடும். தொலைவிலிருந்து காணும் பலகையில் அடைபட்ட சுழி ஒரு கரும்பொட்டாகவே தெரியும். ஆகவே, பெருந்தடிப்பில் முழுமையான சீர்தடிப்பு இயலாது. நல்ல வடிவமைப்பாளர் சுழியிடத்தில் கோட்டை மெலித்தே தீர்வார். ஃபியூச்சுராவிலும் கோடுகள் சந்திக்கும் இடங்கள் கண்ணுக்காக மெலிக்கப்பட்டவையே. சீர்தடிப்பு என்பது கண்ணுக்குச் சீராகத் தோன்றுதலே அன்றி அளவுகோலுக்குச் சீராக இருத்தல் அன்று.

ஆ. குறில் நெடில் வேறுபாடு: எகர ஏகாரங்களை ஒரு சாய்கோடும், ஒகர ஓகாரங்களை ஒரு அடிச்சுழியும், கொம்புகளை ஒரு மேற்சுழியும் வேறுபடுத்துகின்றன. எடு–ஏடு, ஒடு–ஓடு, கெடு–கேடு, முடி–மூடி, குடை–கூடை ஆகிய இணைகளை ஓர் எழுத்துருவில் அடித்துப் பார்த்தால் அதன் தரம் விளங்கிவிடும். எளிமை கருதிச் சுழிகளைச் சுருக்கும் வடிவமைப்புகளில் இவ்வேறுபாடே முதலில் பாதிக்கப்படுகிறது. முகரத்தின் உகரமேறிய வடிவமும் ழகரமும் நெருங்கிய தோற்றமுடையவை என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

இ. ரகரமும் காலும்: பழைய அச்சில் ரகர மெய்யும் ரகர இகரமும் அடிச்சாய்வு நீக்கப்பட்டுத் துணைக்காலின் வடிவிலேயே அமைந்தன. அவ்வழக்கைப் பின்பற்றும் எழுத்துருவில் 'அவர்' என்னும் சொல்லின் இறுதியைக் காப்பது புள்ளி ஒன்றே. புள்ளி மறைந்தால் அச்சொல் 'அவா' ஆகிவிடும். தலைப்பெழுத்தில் ரகரம் எல்லா இடத்தும் தன் அடிச்சாய்வைப் பெற்றிருத்தல் நலம்.

ஈ. புள்ளி: தொல்காப்பிய நூன்மரபு மெய்க்குப் புள்ளியை விதித்து, எகர ஒகரக் குறில்களுக்கும் அதனை உரித்தாக்குகிறது. ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. அதனால் நேர்ந்த பாடவேறுபாடுகளையும் பதிப்பாசிரியர்கள் அவற்றோடு போராடியதையும் தமிழறிஞர் நன்கறிவர். அச்சு மீட்டுத் தந்த புள்ளியைத் தலைப்பெழுத்தின் பெயரால் மீண்டும் இழப்பது பொருத்தமாகாது. தடித்த எழுத்தின் மேல் நெருங்கி அமர்ந்த சிறுபுள்ளி, எழுத்தோடு ஒட்டி மறைந்துவிடும். புள்ளியின் அளவு கோட்டின் தடிப்புக்குக் குறையாமலும், அதற்கும் எழுத்துக்கும் இடையே தெளிவான வெளி இருக்குமாறும் அமைதல் வேண்டும்.

உ. அகலம்: தமிழ்ச் சொற்கள் ஒட்டுநிலையால் நீள்வன. ண, ஞ, ஐகாரக் குறி முதலியன அகன்ற வடிவின. ஆதலின், நீண்ட தலைப்பு அட்டையின் அகலத்துக்கு அடங்காதபோது கணினியில் எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அவ்வாறு நெருக்கும்போது நெடுக்குக் கோடுகள் மெலிகின்றன, கிடைக்கோடுகள் முன்போலவே நிற்கின்றன. சீர்தடிப்பு என்று தேர்ந்தெடுத்த எழுத்தில் வடிவமைப்பாளர் எண்ணாத தடிப்பு வேறுபாடு தலைகீழாகத் தோன்றுகிறது. தலைப்பை இரண்டு வரியாக்குவதோ குறுவடிவம் வரைந்து தரப்பட்ட எழுத்துருவை நாடுவதோதான் இதற்குத் தீர்வு.

இன்றைய எழுத்துருக்கள் சில

இவ்வளவுகோல்களின்படி இன்று கட்டணமின்றிக் கிடைக்கும் சில எழுத்துருக்களை நோக்கலாம். பிரியா இரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான், தமிழுக்கும் இலத்தீனுக்கும் உரியது. அதன் தமிழ் சீர்தடிப்பு உடையது. மிக மெல்லியது தொடங்கி மிகத் தடித்தது வரை ஒன்பது தடிப்புகள் அதில் உள்ளன. அதனால் ஒரே குடும்பத்துக்குள் தலைப்பையும் துணைத்தலைப்பையும் வேறுபடுத்த முடிகிறது. ஆயினும், ஒன்பதும் எல்லாத் தலைப்புக்கும் ஏற்றவை எனக் கொள்ளலாகாது. மிக மெல்லிய தடிப்பு பேரளவில் நுட்பமான அழகு தருவது. சிறிய அளவிலோ வண்ணப் பின்புலத்திலோ அதன் கோடு கரைந்துவிடும். மிகத் தடித்தவற்றை மேற்கூறிய சொல்லிணைகளைக் கொண்டு சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

மும்பையின் எக் டைப் குழுவினர் உருவாக்கிய பலூ வரிசையில் தமிழுக்குரியது 'பலூ தம்பி'. மலையாளத்தில் 'சேட்டன்', கன்னடத்தில் 'தம்மா' என அவ்வம்மொழியின் அன்புவிளியையே பெயராகக் கொண்ட வரிசை இது. முனை மழுங்கிய தடித்த கோடும் விளையாட்டுணர்வும் இதன் இயல்புகள். சிறுவர் நூலுக்கும் கடைப்பலகைக்கும் விழா அறிவிப்புக்கும் இதன் நெருக்கமான தொனி ஏற்றது. கல்வெட்டாய்வுத் தொகுதிக்கோ இரங்கல் மலருக்கோ அத்தொனி பொருந்தாது. எழுத்து வாசிக்கத்தக்கதாக இருப்பது ஒன்று, அது பேசும் குரல் பொருளோடு இணங்குவது மற்றொன்று. தேர்வில் முதலாவது தவறக்கூடாது, இரண்டாவது மறக்கப்படக்கூடாது.

அதே குழுவினர் 2022இல் வெளியிட்ட அனேக் வரிசை இலத்தீன் உள்ளிட்ட பத்து எழுத்துமுறைகளுக்கு உரியது. இதில் தடிப்போடு அகலமும் மாறும். இயல்பான அகலத்தை 100 எனக் கொண்டால் 75 முதல் 125 வரை குறுக்கவும் விரிக்கவும் முடியும். இந்நெருக்கம் கணினியின் இயந்திரச் சுருக்கமன்று, எழுத்து எழுத்தாக வரைந்து பெற்ற குறுவடிவம். நீண்ட தமிழ்த் தலைப்பின் அகலச் சிக்கலுக்கு இது பொருத்தமான விடை. எனினும், மிகக் குறுகிய வடிவத்தில் தமிழின் வட்டச் சுழிகள் நீள்வட்டமாகி ஆங்கிலக் குறுவெழுத்தின் சாயலைப் பெறுவதைத் தவிர்க்க இயலவில்லை. இடநெருக்கடி உள்ள இடத்துக்கு அதனை வைத்துக்கொண்டு, இடமுள்ள இடத்தில் இயல்பகலத்தையே ஆளுதல் தக்கது.

எழுத்துருக்களுக்கு அப்பால் கைவரி எழுத்தும் கருதத்தக்கது. தமிழ் வார இதழ்களின் கதைத்தலைப்புகளும், திரைப்படச் சுவரொட்டிகளும், சிறுபத்திரிகை முகப்புகளும் நெடுங்காலம் ஓவியர் கையால் தீட்டப்பட்டவை. ஓவியர் கே. எம். ஆதிமூலத்தின் தலைப்பெழுத்துகள் இம்மரபில் தனியிடம் பெற்றவை. அவ்வோவியர்கள் 'செரிஃப்' உண்டா இல்லையா என்னும் வினாவோடு தொடங்கவில்லை. சொல்லின் பொருளிலிருந்து தொடங்கினர். எழுத்துருத் தேர்வு எளிதாகிவிட்ட இக்காலத்தில் இழக்கக்கூடாத பாடம் அது.

பன்மொழிப் பலகையில் தமிழ்

தமிழகத்திற்கு வெளியே இயங்கும் தமிழ்த்துறைகளும் தமிழ்ச் சங்கங்களும் அழைப்பிதழிலும் பலகையிலும் தமிழோடு தேவநாகரியையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே அமைக்க வேண்டியவை. அங்கு மூன்றும் ஒரு குடும்பம்போல் தோன்றவேண்டும் என்னும் விருப்பம் நியாயமானதே. ஒத்த தடிப்புள்ள சீர்கோடு அதற்கு உதவும் என்பதும் உண்மை. 'சான்ஸ்' என்னும் பெயர் தமிழுக்கு வந்ததன் பயன் இங்கேதான் உள்ளது.

ஆயின், இணக்கம் வேறு, போலச்செய்தல் வேறு. ஆங்கிலத் தலைப்பை முழுதும் பெரிய எழுத்தில் அமைத்தால் மேலும் கீழும் நீட்டமின்றி வரிகளை நெருக்கலாம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு இல்லை. மேலே புள்ளியும் இகரச்சுழியும், கீழே ழகர ஞகரங்களின் வாலும் என்றும் உண்டு. ஆங்கில வரி இடைவெளியைத் தமிழுக்கும் விதித்தால் மேல்வரியின் வால் கீழ்வரியின் புள்ளியை முட்டும். தேவநாகரியின் தலைக்கோடு சொல்லை ஒருங்கிணைப்பதுபோல் தமிழில் ஒருங்கிணைப்பது ஒன்றுமில்லை. எழுத்திடை வெளியே சொல்லைக் கட்டுகிறது. ஒரே புள்ளியளவில் மூன்று எழுத்தும் ஒரே உயரமாகத் தோன்றுவதும் இல்லை. எனவே, அளவை எண்ணால் ஒப்பிடாமல் கண்ணால் ஒப்பிட்டு அமைத்தலே முறை. பலகையில் எந்த எழுத்து முதலில் அமைக்கப்பட்டு மற்றவை அதற்கு இசைவிக்கப்படுகின்றனவோ அவ்வெழுத்தின் இயல்பே மேலோங்கும். தமிழ்த்துறையின் பெயர்ப்பலகையிலேனும் தமிழ் முதலில் அமைக்கப்படுதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் அறியப்படுவன வருமாறு. 'சான்ஸ் செரிஃப்' என்பது ஐரோப்பிய அச்சின் வரலாற்றில் மட்டும் முழுப்பொருள் பெறும் எதிர்மறைப் பெயர். தமிழில் அது குறிப்பது சீர்தடிப்பை. அச்சீர்தடிப்பு கல்லும் ஓலையும் தந்த தொன்மையான இயல்பு. ஆதலின், அதனைத் தேர்வதில் தவறில்லை. ஆனால், தேர்வதற்குக் கூறும் காரணமும் சோதிக்கும் முறையும் தமிழெழுத்தினின்றே பிறத்தல் வேண்டும். சுழியின் உள்வெளி, குறில் நெடில் வேறுபாடு, ரகரத்தின் கால், புள்ளியின் தெளிவு, அகலம் ஆகிய ஐந்தும் அச்சோதனைக்குரியவை. அவற்றில் தேறிய பின்னரே குரலும் தொனியும் ஆராயப்பட வேண்டும்.

எழுத்துருப் பட்டியலில் காட்டப்படும் மாதிரித் தொடர் எல்லா எழுத்துருவையும் அழகாகவே காட்டும். தேர்வோர் தம் தலைப்பையே, அச்சாகும் அளவிலேயே, அடித்துப் பார்க்க வேண்டும். 'மணம்' என்பது 'மனம்' ஆகாமலும், 'அவர்' என்பது 'அவா' ஆகாமலும் நிற்கின்றனவா எனத் தொலைவில் வைத்து நோக்க வேண்டும். ஓலையில் மறைந்த புள்ளியால் ஒரு பாடலின் பாடம் ஐயத்துக்கு இடமான வரலாற்றை அறிந்த துறைக்கு, அட்டையில் மறையும் புள்ளி சிறிய செய்தியாக இருத்தல் இயலாது.